கைதட்டு வாங்கிய சிறுத்தை

"டிட்-டி-டீ!"

பாறைக்குளத்து நாடகத்தில் முதலில் இந்தச் சத்தம்தான் கேட்கும். அதற்குப் பிறகுதான் மேடையில் எதுவும் கண்ணுக்குத் தெரியும்.

குளக்கரையில் இருந்த தட்டைப் பாறைதான் மேடை. அதன் ஓரத்தில், ஒரு சின்னக் கல்லின் மேல், ஆள்காட்டிக் குருவி நிற்கும். யார் எப்போது மேடைக்கு வர வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. ஒரு முறை கத்தினால், அடுத்த வேஷம் உள்ளே வரலாம். மூன்று முறை கத்தினால் அது நாடகமே இல்லை, நிஜ ஆபத்து. எல்லோரும் ஓட வேண்டியதுதான். பார்க்க வருகிற முயல் குட்டிகளுக்குக்கூட இது தெரியும். ஆனால் இரண்டு வருஷமாக மூன்றாவது கத்தல் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதையே பெரியவர்கள் மறந்துவிட்டார்கள்.

குழுவில் மயில்தான் ராஜபார்ட். எல்லோரும் அதை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். மரநாய் அரிதாரம் பூசும். மரங்கொத்தி தாளம் போடும். காட்டுப்பூனைக்குச் சிறுத்தை வேஷம். தேக்கிலைகளைக் கொடியால் தைத்த கனத்த திரை ஒன்று மேடை விளிம்புக்கு மேலே நீண்ட நாவல் கிளையில் தொங்கியது. அதன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு ஆமை பின்னால் நடந்தால் திரை மேலே போகும். நாடகம் முடிகிறவரை ஆமை வாயைத் திறக்கக் கூடாது. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற ஆமைக்கு அதுதான் பெரிய தண்டனை.

மயில் தோகையை விரித்தால் கூட்டம் மூச்சு விடாது. ஆனால் அதற்கு வசனம் மனசில் நிற்காது. பாதியில் விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்கும். ஆள்காட்டி அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கும். என்ன கஷ்டம் என்றால், ஆள்காட்டிக்கு மெதுவாகப் பேச வராது. அந்த இனத்துக்கே தொண்டை அப்படி.

ஒரு நாள் வேட்டைக் காட்சியில் மயில், "இந்தக் காட்டைக் காக்க…" என்று தொடங்கி நின்றுவிட்டது.

"நான் ஒருவனே போதும்!" என்று ஆள்காட்டி எடுத்துக் கொடுத்தது. மயிலுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் கத்தியது. அக்கரைத் தவளைகள்வரை கேட்டுவிட்டது. மறுநாள் மயில் தண்ணீர் குடிக்கப் போன இடமெல்லாம் முயல் குட்டிகள் பின்னாலேயே போய், "நான் ஒருவனே போதும்" என்று கத்திவிட்டுப் புதருக்குள் ஓடின.

மயில் நேராக ஆள்காட்டியிடம் வந்தது.

"உன் பேரே ஆள்காட்டி. ஆளைக் காட்டிக் கொடுக்கிறதுதான் உன் பிழைப்பா?"

"நான் காட்டினது வார்த்தையைத்தான், வாத்தியாரே."

"இனிமே காட்ட வேணாம். அக்கரைக்குப் போயிடு."

யார் யார் எப்போது வர வேண்டும் என்று இனி எப்படித் தெரியும் என்று மரநாய் கேட்டது. வேஷம் போட்டவனுக்குத் தன் முறை தெரியாதா, அரிதாரம் காய்ந்ததும் வரட்டும் என்றது மயில். மரநாய் அதோடு விட்டுவிட்டது. மரங்கொத்தி தன் தாளம் தப்பாமல் இருந்தால் சரி என்று நினைத்தது. ஆமை கயிறு மாற்றுவதில் மும்முரமாக இருந்தது. ஆள்காட்டி பறந்து அக்கரைக்குப் போய், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாடகம் வந்தது. வெயில் தாழ்ந்த நேரம். முன்வரிசையில் பதினோரு முயல் குட்டிகள். சிறுத்தை மேடை விளிம்புக்கு வந்து அந்தக் குட்டிகளைப் பார்த்து உறுமும், குட்டிகள் அலறும். அதுதான் அந்த நாடகத்திலேயே அவற்றுக்குப் பிடித்த இடம். நன்றாக அலற வேண்டும் என்று வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தன.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. இடப்பக்கப் புதர் அசைந்தது. மஞ்சள் தோல் தெரிந்தது. மேலே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மரங்கொத்தி உடனே சிறுத்தையின் வருகைத் தாளத்தைப் போட்டது. கூட்டம் கைதட்டியது.

"இந்தத் தடவை புள்ளியெல்லாம் அசல் மாதிரியே வந்திருக்கு" என்றது ஒரு குரங்கு.

"நடையைப் பாரு. பூனை நல்லா வீட்டுப்பாடம் பண்ணியிருக்கான்" என்றது பக்கத்துக் குரங்கு.

மேடைக்குப் பின்னால் காரைப் புதருக்குள் மரநாய் கரிக்குழம்பைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. கைதட்டல் கேட்டதும் தன் வேலைக்குத்தான் இந்தப் பாராட்டு என்று அதன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு விரல் அப்படியே நின்றது. எதிரே காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் முழுக்கப் புள்ளி. வலப்பக்கம் இன்னும் தொடவே இல்லை.

"பூனையே, நீ இங்க இருக்க" என்று மரநாய் மெல்லச் சொன்னது. "அப்ப அங்க கைதட்டு வாங்குறது யாரு?"

மேடையில் மயில் தோகையை விரித்து முன்னே வந்தது. நாடகப்படி ராஜா சிறுத்தையின் காதைப் பிடித்து இழுக்க வேண்டும். மயில் அலகால் காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கரி வாசனை வர வேண்டிய காதில் ரத்த வாசனை வந்தது. காது சூடாக இருந்தது. சிறுத்தை தலையைத் திருப்பி மயிலைப் பார்த்தது. அதற்கும் ஆச்சரியம்தான். அதன் காதை இதுவரை யாரும் பிடித்து இழுத்ததில்லை.

அது பூனை இல்லை என்று மயிலுக்குப் புரிந்தது. ஆனால் வாய் பழக்கத்தில் திறந்தது.

"இந்தக் காட்டைக் காக்க…"

நின்றது. ஓரத்தைப் பார்த்தது. அங்கே ஒரு சின்னக் கல் மட்டும் இருந்தது.

வாத்தியார் இன்றைக்கும் மறந்துவிட்டார் என்று கூட்டம் சிரித்தது. முயல் குட்டிகள் எழுந்து நின்று, "நான் ஒருவனே போதும், வாத்தியாரே!" என்று கோரஸாகக் கத்தின.

அந்த இளம் குரல்களைக் கேட்டுச் சிறுத்தை மயிலை விட்டுவிட்டது. மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசையைப் பார்த்து, உடம்பைத் தாழ்த்தியது. குட்டிகள் பழகி வந்தபடியே சந்தோஷமாக அலறின.

மரநாய் ஆமையிடம் ஓடியது. "ஆமையண்ணே, திரையை விடு. அது பூனை இல்ல!"

ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பாதி உடம்பில் புள்ளியோடு காட்டுப்பூனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமை மேடையைப் பார்த்தது. மறுபடி புதரைப் பார்த்தது. அதன் வாய் தானாகத் திறந்தது.

கயிறு நழுவியது. தேக்கிலைத் திரை முழுவதும் சடசடவென்று சிறுத்தையின் தலைமேல் விழுந்தது.

அதே நேரம் அக்கரையிலிருந்து கேட்டது. டிட்-டி-டீ. டிட்-டி-டீ. டிட்-டி-டீ.

இரண்டு வருஷம் கேட்காத மூன்று கத்தல். அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. ஒரு கணத்தில் கரை காலியானது. ஆமை மட்டும் நின்ற இடத்திலேயே ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. சிறுத்தை திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது மேடையில் மிச்சமிருந்தது மயில் ஒன்றுதான். விரித்த தோகையோடு ஓட முடியவில்லை. சிறுத்தை பாய்ந்தது. மயில் தப்பியது, தோகை தப்பவில்லை. வாய் நிறைய இறகை வைத்துக்கொண்டு, துப்பிக்கொண்டே, சிறுத்தை காட்டுக்குள் போனது.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். தாய் முயல் குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. பத்துதான் இருந்தன. அதன் காதுகள் தொங்கிப்போயின. அப்போது ஆமை, தன் வயிற்றுக்கு அடியில் ஏதோ ஈரமாக இருக்கிறது என்றது. கடைக்குட்டி அங்கேதான் ஒளிந்திருந்தது. பயத்தில் மூத்திரம் போயிருந்தது. தாய் அதை நக்கி எடுத்துக்கொண்டது.

மயில் வாலில்லாத உடம்போடு கரையைச் சுற்றி நடந்து ஆள்காட்டியிடம் போனது. கூழாங்கற்களுக்கு முன்னால் நின்றது.

"தூரத்துல சரியாத் தெரியல, வாத்தியாரே" என்றது ஆள்காட்டி. "அந்த ஓரத்துல நின்னிருந்தா, அது புதருக்குள்ள நுழையும்போதே பார்த்திருப்பேன். ஆமா, இன்னிக்கு வசனம் எந்த இடத்துல நின்னுச்சு?"

"இந்தக் காட்டைக் காக்க…"

"நான் ஒருவனே போதும்" என்று ஆள்காட்டி எடுத்துக் கொடுத்தது. இந்த முறை அது எவ்வளவு மெதுவாகச் சொல்லப் பார்த்தும் குரல் பெரிதாகத்தான் வந்தது.

மயில் தலையைக் குனிந்தது. "அந்த வரியை மாத்திடு."

"நான் மாத்த முடியாது. எடுத்துத்தான் கொடுப்பேன். நீங்க மாத்திச் சொல்லுங்க, அதை ஞாபகம் வெச்சுக்கிறேன்."

மயில் குளத்தின் மறுபக்கம் காலியாக இருந்த சின்னக் கல்லைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "இந்தக் காட்டைக் காக்க நான் ஒருவன் போதாது" என்றது.

முட்டை பொரிகிறவரை தான் அந்த இடத்தைவிட்டு வர முடியாது என்றது ஆள்காட்டி. அப்படியானால் மேடை இங்கே வரட்டும் என்று மயில் சொல்லிவிட்டது.

மேடையில் தெரிகிறவர் தெரியாமல் நிற்கிறவரைத் துரத்தினால், அந்த மேடையில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

கிழிந்த திரை இக்கரையில் கிடந்தது. ஆமை கேட்க நினைத்த கேள்விகள் நிறைய இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. திரையின் கயிற்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு, அக்கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தது.