ஏழாம் வால்வு

குழந்தைகளுக்கான பால்பவுடர் தயாரிக்கும் தொழிற்சாலை அது. அங்கே சுத்தம் செய்யும் பிரிவுக்கு இருபத்தொரு வருஷமாக சூசைமாணிக்கம்தான் மேற்பார்வையாளர். ரசாயனத்தை விட்டுவிட்டு நீராவியால் குழாய்களைச் சுத்தம் செய்யும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுக்க நிர்வாகம் ஃபரீதாவை வரவழைத்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. தன் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள் என்று தெரிந்ததும், அவளைப் பாதி கேலியாக "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் நாளே கேட்டுவிட்டார்.

"குளோரின் ஊத்தினா கிருமி சாகும். வெறும் ஆவி என்ன செஞ்சிடும், டீச்சர்?"

ஃபரீதா குழாய் வரிசையைக் காட்டினாள்.

"இந்த லைன்லயே ரொம்பச் சுத்தமான இடம் எதுண்ணே?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஏழாம் வால்வு. காலையில நானே பக்கத்துல நின்னு கழுவ வெச்சேன். மோந்து பாருங்க."

குளோரின் நெடி தள்ளி நின்ற அவருக்கே மூக்கில் ஏறியது.

"கழற்றலாமா?"

"கழுவினதை எதுக்குக் கழற்றணும்?"

அவள் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் திருகியதும் வால்வின் மூட்டு விட்டது. உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை விரலால் நெம்பி எடுத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய வளையம் முழுக்க வெடித்துப் போயிருந்தது. குளோரின் தின்ற ரப்பர். வெடிப்புகளுக்குள் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. தொட்டார். பிசுபிசுத்தது. பழைய பால். அழுகிய வாடை குளோரின் நெடியையும் மீறிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு ஊத்தியும் இதுக்குள்ள போகலையா?"

"ஓடற தண்ணி இடுக்குக்குள்ள போகாதுண்ணே. சூடு போகும்."

போன வாரம் தொழிலாளர்களுக்குக் கொடுத்த டின்களில் ஒன்றைப் பேரனுக்கு அனுப்பியிருந்தார். இதே குழாயில் ஓடிய பால்.

போனை எடுத்தார். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"ஜெனிட்டா, அந்தப் பவுடர் டின்னைத் திறந்துட்டியாம்மா?"

"காலையிலதான்ப்பா. ஒரு பாட்டில் குடிச்சிட்டுத் தூங்கறான். ஏன்?"

அவர் போனை ஃபரீதாவிடம் நீட்டினார். அவள்தான் வாங்கிப் பேசினாள். குழந்தையை உடனே டாக்டரிடம் தூக்கிப் போகச் சொன்னாள். பிறகு போய் லைனை நிறுத்தினாள். கிடங்கில் இருந்த டின்கள் அங்கேயே நின்றன. கடைக்குப் போனவற்றை அன்றே திரும்ப வரவழைத்தார்கள்.

குழந்தையை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் சூசைமாணிக்கம் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

வளையங்களை எல்லாம் மாற்றினார்கள். நீராவிக் கருவி வந்தது. அது வேலை முடித்த குழாயில் எந்த வாடையும் இல்லை. அவரால் நம்ப முடியவில்லை. நெடி அடித்த காலத்தில் ஒரு நாளும் கழற்றிப் பார்க்காதவர், இப்போது ஒவ்வொரு மூட்டாகக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். லேசாகக் கீறல் விழுந்திருந்த ஒரு வளையத்தைத் தூக்கிப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை.

கடைசி மூட்டையும் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். ஃபரீதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், இத்தனை வருஷமா நான் எதைக் கழுவினேன்?"

"உங்க சந்தேகத்தைண்ணே," என்றாள் அவள்.