பசிக்கு அடையாளம் சொன்ன கிளி

ஒரு காட்டில் மூன்று வருடம் மழை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருந்த காடு அது. காட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான்காம் வருடம் மழை பெய்தது. காட்டோரத்தில் கா என்ற இனத்து மக்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்கள் மக்காச்சோளம் விதைத்தார்கள். அதைப் பார்த்து விலங்குகளும் விதைத்தன. விலங்குகளுக்கு விதை ஏது என்று கேட்பீர்கள். ஊர்க்காரர்கள் வழியில் சிந்தியதைப் பொறுக்கின. போதுமா?

ஊரில் நடப்பதைப் பார்த்து வந்து சொல்ல ஒரு சாம்பல் கிளி இருந்தது. கண்டதில் பாதியைத்தான் சொல்லும். அந்தப் பாதியை நூறு தரம் சொல்லும்.

பயிர் கதிர் விடும் சமயத்தில் கிளி ஒரு சேதி கொண்டு வந்தது. ஊரில் முப்பது நாளைக்குப் பறை கிடையாதாம், பாட்டு கிடையாதாம். பயிர் விளைகிற காலத்தில் சத்தம் போட்டால் தெய்வத்துக்கு ஆகாதாம், விளைச்சல் பாழாம்.

காட்டுக்குத் தலைவர் லாந்தே என்ற காட்டெருமை. பெரிய உடம்பு, தடித்த கழுத்து. அந்தக் கழுத்தைத் திருப்பி எதையும் தானாகப் பார்க்காது. "யார் அது? என்ன அது?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கும். அவர் சொல்வதுதான் அதற்கு உண்மை.

"நாமும் முப்பது நாள் வாய் மூடுவோம்" என்றது லாந்தே. "அந்த நாளில் சத்தம் போட்டவருக்கும் கதிரைத் திருடியவருக்கும் இந்தக் காட்டில் இடமில்லை."

சரி, பறவைகள் வந்து கதிரைக் கொத்துமே. கத்தாமல் யார் விரட்டுவது? காட்டுப்பன்றி பல்வலி என்றது. குரங்கு கை சுளுக்கு என்றது. முள்ளம்பன்றி மட்டும் உள்ளதைச் சொன்னது: என்னைக் காவலுக்கு வைத்தால் நானே தின்றுவிடுவேன்.

கடைசியில் தேதே என்ற பெண் காட்டுநாய் முன்னே வந்தது. ஒரு வேலையை ஏற்றால் முடிக்காமல் விடாது. மக்காச்சோளத்தைத் தொடாது. மீன் குழம்போடு கொடுத்தால் மட்டும் விடாது. அதற்கு மூன்று குட்டிகள். கண் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"நான் ஓடி ஓடியே காக்கிறேன், தலைவரே. ஒரு குரல் எழுப்ப மாட்டேன்" என்றது தேதே. "வேட்டைக்குப் போக நேரம் இருக்காது. என் பட்டினி என்னோடு போகட்டும். குட்டிகளுக்கு மட்டும் வேளைக்கு ஒரு வாய் கொடுத்துவிடுங்கள்."

லாந்தே தலையாட்டியது. குட்டிகள் காட்டின் பொறுப்பு என்றது. அறுவடை விருந்தில் முதல் சட்டி தேதேக்கு என்றும் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தது.

தேதே வயலுக்குப் போனது.

குரைக்காமல் காவல் காப்பது லேசான வேலை இல்லை. ஒரு குரைப்பில் பறக்கிற கூட்டத்துக்கு ஒரு வயல் நீளம் ஓட வேண்டும். இந்தக் கோடியில் விரட்டினால் அந்தக் கோடியில் இறங்கும். நடுவில் அகப்பட்ட தவளை ஒன்றிரண்டுதான் அதற்குச் சாப்பாடு. பத்தாம் நாள் வயிறு ஒட்டியது. இருபதாம் நாள் விலா எலும்பு தெரிந்தது.

இருபத்தோராம் நாள் உச்சிப்பொழுதில் ஒடோய் வந்தது. ஒடோய் ஒரு கழுதைப்புலி. அடுத்தவருடையது என்றால்தான் அதற்கு ருசிக்கும். பத்துக் கதிரை ஒடித்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தபோது தேதே எதிரே வந்து நின்றது.

"எங்கே, குரை பார்ப்போம்" என்றது ஒடோய் மெதுவாக. "குரைத்தால் பயிர் பாழ். பழி உன் தலையில்."

தேதே குரைக்கவில்லை. பல்லைக் காட்டியபடி வரிசைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது.

"இப்போது பேச மாட்டேன், ஒடோய். விருந்தன்று பேசுவேன்" என்றது அடித்தொண்டையில்.

கழுதைப்புலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாலும் சத்தம்தானே. அடக்கிக்கொண்டு போனது. போகிற வழியிலேயே அந்தச் சிரிப்பு செத்துவிட்டது. திருடியவருக்கு இடமில்லை என்று தலைவர் சொன்னது நினைவு வந்தது. தேதே சொன்னதைச் செய்கிற ஜாதி என்பதும் நினைவு வந்தது.

முப்பது நாள் முடிந்தது. ஒடோய் முதல் ஆளாகத் தலைவரிடம் ஓடியது. அறுவடையைத் தானும் தன் பங்காளிகளும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. தலைவர் சிரமப்பட வேண்டாம், வயல் தூரம் என்றது. லாந்தேக்கு அந்தக் கடைசி வார்த்தை மிகவும் பிடித்திருந்தது.

கழுதைப்புலிகளே அறுத்தன, கழுதைப்புலிகளே சுமந்தன. வேறு யாரும் வயல் பக்கம் போகவில்லை. மூலையில் ஒன்பது கதிர் மட்டும் விட்டுவைத்தன. அடுத்த வருடத்து விதை அது. ஒடோய் தேதேயிடம் வந்து, இது தலைவர் உத்தரவு என்றது. விதைக் கதிர் காய ஏழு நாள் ஆகும், அதுவரை காவல் இருக்க வேண்டும், விதைக்கும் சத்தம் ஆகாது என்றும் சொன்னது.

"என் குட்டிகள்?" என்று கேட்டது தேதே.

"கொழுத்துப்போய்க் கிடக்கின்றன. அடையாளமே தெரியாது உனக்கு."

அது ஒன்றுதான் ஒடோய் சொன்னதில் உண்மை. தேதே அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு நாள் இருந்தது.

அந்த ஏழு நாளில் ஒடோய் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் கூடியிருந்த இடத்தில் கிளியை அழைத்து, ஊரில் அறுவடை விருந்தை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டது.

கிளிக்கு யாராவது கேட்டால் போதும். புளித்த சோளமாவை அவிப்பார்களாம், செம்பனைப் பழக் குழம்பு வைப்பார்களாம், மீன் போடுவார்களாம். பிறகு எல்லோரும் சேர்ந்து பசியைப் பார்த்து "ஊ" என்று கூவி விரட்டுவார்களாம். அந்த விழாவுக்கு ஹோமோவோ என்று பெயராம். பசியை நையாண்டி செய்து கூவுவது என்று அர்த்தமாம்.

"பசி பார்க்க எப்படி இருக்கும்?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

கிளி பசியைப் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. ஒடோய் உதவிக்கு வந்தது.

"வயிறு ஒட்டியிருக்குமே?"

"ஆமாம், ஒட்டிய வயிறு" என்றது கிளி.

"விலா எலும்பு தெரியுமே?"

"ஆமாம், விலா எலும்பு."

"தானியத்தை வாயில் கவ்விக்கொண்டு வருமே?"

"வாயில் தானியம். ஒட்டிய வயிறு, விலா எலும்பு, வாயில் தானியம்."

அன்றைக்கே நூறு தரம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. முப்பது நாள் அடக்கிய தொண்டைகள் வேறு. காலை மாலை கூவிப் பழகின. யார் நன்றாகக் கூவினார்கள் தெரியுமா? மூன்று நாய்க்குட்டிகள். தலைவரே மெச்சிக்கொண்டார்.

விருந்து நாள் வந்தது. அவித்த மாவின் மணம் உப்பங்கழி வரை போனது. முதல் சட்டியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

விதை காய்ந்துவிட்டது. ஒன்பது கதிரையும் மட்டையோடு முறுக்கிக் கட்டி, வாயில் கவ்விக்கொண்டு தேதே புறப்பட்டது. காற்றடித்தால் சாய்ந்துவிடும் போல இருந்தது. உடம்பெல்லாம் வயல் சேறு. ஆனாலும் வேகமாகத்தான் வந்தது. முப்பத்தேழு நாள் வாய்விட்டுப் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சு இருந்தது. ஒடோயைப் பற்றி ஒரு வார்த்தை, குட்டிகளுக்கு ஆயிரம் வார்த்தை.

மரங்களைத் தாண்டி வெளியே வந்ததும் கிளி பார்த்துவிட்டது.

"ஒட்டிய வயிறு. விலா எலும்பு. வாயில் தானியம்."

"பசி" என்றது ஒடோய்.

காடே கூவியது. அப்படி ஒரு சத்தம் அங்கே அதற்கு முன் எழுந்ததில்லை. தேதே கதிர்க்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசியது. தான் யார் என்று சொன்னது. விதை இது என்று சொன்னது. ஒடோய் திருடியது என்றும் சொன்னது. வாய் அசைந்தது, அவ்வளவுதான். ஒருவர் காதிலும் விழவில்லை.

லாந்தே சட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "யார் அது?" என்று கேட்டது.

"பசி, தலைவரே."

"அப்படியானால் பலமாகக் கூவுங்கள்."

தேதே கூட்டத்தில் குட்டிகளைத் தேடியது. முன் வரிசையிலேயே இருந்தன. கொழு கொழு என்று, வாயோரம் குழம்பு வழிய, கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தன. கடைக்குட்டி மட்டும் நிறுத்தியது. இரண்டு அடி முன்னே வந்து மோந்து பார்த்தது. சேற்று வாசனைக்கு அடியில் ஏதோ ஒன்று அதற்குத் தெரிந்தாற்போல் இருந்தது. தேதே வாலை ஆட்டியது.

கடைக்குட்டி திரும்பி மற்றவர்களைப் பார்த்தது. எல்லோரும் கூவிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கூவியது.

தேதே பேச்சை நிறுத்திக்கொண்டது. யாரும் கல் எடுக்கவில்லை, தேவை இருக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது.

பசியை அடையாளம் கண்டவன் என்று முதல் சட்டியை ஒடோய்க்குக் கொடுத்தார்கள். பொழுது சாயும் வரை ஆட்டம். தேதே வைத்துவிட்டுப் போன கட்டு காலடியில் மிதிபட்டுச் சிதறியது. தெறித்த மணியைப் பறவைகள் பொறுக்கின. மிச்சத்தைக் காட்டுப்பன்றி தின்றது. அதற்குப் பல்வலி சரியாகியிருந்தது.

அன்றைக்கு ஊரிலும் விருந்துதான். காட்டோரத்துக் கடைசி வீடு ஒகாய் என்ற மீனவருடையது. ஒகாய் தன் குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்காக வாசலில் கொஞ்சம் மாவைத் தூவிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். தலை நிமிர்ந்தால் எதிரே எலும்பும் தோலுமாக ஒரு காட்டுநாய். கையில் தடியை எடுத்தார்.

"அதைக் கீழே போடுங்கள்" என்றாள் அவர் மனைவி கொர்கோர்.

"காட்டுநாய் இது. பார், எந்தக் கோலத்தில் வந்திருக்கிறது."

"உங்கள் தாத்தா இந்தக் கடற்கரைக்கு வந்தபோது பல்லக்கிலா வந்தார்? இதே கோலம்தான். முதலில் அது சாப்பிடட்டும். அப்புறம் கூவலாம்."

ஒரு சட்டி நிறைய வைத்தாள். மீனும் வைத்தாள். தேதே பாதி தின்றிருக்கும்போது தெருவில் கூவத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டதும் அது தரையோடு ஒடுங்கிவிட்டது.

"உன்னை இல்லை" என்றாள் கொர்கோர். "நீ சாப்பிடு."

கிளி அன்று காட்டில் இருந்தது. இந்தப் பாதியை அது பார்க்கவே இல்லை.

அடுத்த வருடமும் நல்ல மழை. விதை எங்கே என்று லாந்தே கேட்டது. பசி கவ்விக்கொண்டு போய்விட்டது என்றது ஒடோய். நாங்களும் பார்த்தோம், வாயில் தானியம் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வழியில் சிந்தியதை மறுபடி பொறுக்கலாம், ஊரில் கேட்டு விதை வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். முதலில் கிழட்டுக் குரங்குக்கு விலா தெரிந்தது. கூவி விரட்டினார்கள். அடுத்த மாதம் முள்ளம்பன்றி. பிறகு மூன்று நாய்க்குட்டிகள். அவை எந்தப் பக்கம் போயின என்று யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் கூவுகிற தொண்டை குறைந்தது. பசி மட்டும் குறையவில்லை.

ஒருநாள் ஒடோய்க்கு விலா தெரிந்தது.

"நான் ஒடோய், தலைவரே" என்றது. வாய் அசைந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் காட்டுப்பன்றியும் போனது. லாந்தே தனியாக உப்பங்கழிக்கு நடந்து வந்தது. தண்ணீருக்குக் குனிந்தபோது உள்ளே இருந்து ஏதோ ஒன்று அதை முறைத்துப் பார்த்தது. ஒட்டிய வயிறு, துருத்திய எலும்பு.

"யார் அது?" என்று வழக்கம்போலக் கேட்டது.

பதில் சொல்ல மரத்தில் கிளி மட்டும் இருந்தது.

"பசி, தலைவரே" என்றது கிளி. "ஊ" என்று கூவவும் கூவியது.

நீதி: பசித்தவரை விரட்டினால் பசி போய்விடாது.