பெருமூக்கனின் புல்லும் ஆட்டுப் புழுக்கையும்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. பெரிய நிலம் ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் ஓடிச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் காடெல்லாம் காய்ந்து கிடந்த கோடையிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக நின்றது.

அதற்குச் சொந்தக்காரன் பெருமூக்கன் என்ற காட்டுப்பன்றி. மண்ணுக்குள் விளையும் கிழங்குதான் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் சாப்பாடு. மேலே வளரும் புல்லை அவன் சீண்டக்கூட மாட்டான். ஆனால் வேறு யாராவது அதில் வாய் வைத்தால் அவனுக்கு வயிறு எரியும்!

ஒருநாள் கருங்காதி என்ற செம்மறியாடு தன் மந்தையோடு அங்கே வந்தாள். மொத்தம் ஆறு ஆடுகள். அவளுடைய இரண்டு குட்டிகளும் தள்ளாடியபடி பின்னால் வந்தன. தாய்க்குத் தீனி இல்லை. அதனால் குட்டிகளுக்குப் பாலும் இல்லை.

“அண்ணே, மழை வர்ற வரைக்கும் உங்க புல்லை மேய விடுங்க!”

“தாராளமா மேயலாம்! வாடகை தினமும் மூணு குடுக்கை பால்!”

“மூணா? நான் என்ன பசுமாடா? அரைக் குடுக்கை தர்றேன்.”

“ரெண்டரை!”

“அப்புறம் என் குட்டிங்க குளத்துத் தண்ணியத்தான் குடிக்கணும்!”

“சரி சரி, அழாதே. ஒண்ணு! அதுல ஒரு சொட்டுக்கூட குறைக்க மாட்டேன்!”

கருங்காதி குட்டிகளைப் பார்த்தாள். பாவம், அரை வயிறாவது நிரம்பட்டும் என்று ஒத்துக்கொண்டாள்.

“ராத்திரியும் இங்கேயே கிடை போட்டுப் படுத்துக்கறோம் அண்ணே. எங்க புழுக்கை உங்க மண்ணுக்கு நல்ல உரம்.”

“சீச்சீ, நாத்தம்! பொழுது சாய்ஞ்சா நடையைக் கட்டணும். பகல்லயும் ஒரு புழுக்கை என் நிலத்துல விழக்கூடாது. விழுந்தா இன்னொரு குடுக்கை பால்!”

“உங்க இஷ்டம்,” என்றாள் கருங்காதி.

பக்கத்தில் ஒரு முயலின் நிலம் இருந்தது. வெறும் கட்டாந்தரை. “இங்கே வந்து படுங்க அக்கா, எனக்கும் துணையாச்சு!” என்று முயல் கூப்பிட்டது.

அன்று முதல் ஆடுகள் ராத்திரியில் அங்கேயே படுத்தன. பகலில் ஒரே வேடிக்கைதான். வயிற்றைக் கலக்கினால் ஆடுகள் வரப்பைத் தாண்டி முயலின் நிலத்துக்கு ஓட வேண்டும். மந்தையில் இருந்த கிழட்டுக் கிடா, வாயில் பாதிப் புல்லோடு ஓடிப்போய் மயிரிழையில் தப்பும். பெருமூக்கன் மூக்கைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத் தேடுவான். ஒன்றும் கிடைக்காது. பிறகு பாலை உறிஞ்சிவிட்டு, “நம்ம மூளையே மூளை!” என்று தன்னையே மெச்சிக்கொள்வான்.

மழை வந்தது. முயலின் கட்டாந்தரையில் முயலின் காதுக்கு மேலே புல் வளர்ந்தது. பெருமூக்கனின் நிலத்திலோ மேய்ந்த புல் மறுபடி தலையெடுக்கவே இல்லை. மண்ணைத் தோண்டினான். கிழங்கு சுண்டைக்காய் அளவுதான் இருந்தது!

ஓடிப்போய் முயலின் நிலத்தை முகர்ந்து பார்த்தான். மண் முழுக்க ஆட்டுப் புழுக்கை! அவனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த கருங்காதியிடம் ஓடினான்.

“தங்கச்சி, என் நிலத்துக்கே வந்துடுங்க. வாடகை அரைக் குடுக்கை போதும்!”

“வேண்டாம் அண்ணே.”

“கால் குடுக்கை?”

“வேண்டாம்.”

“சும்மாவே மேய்ஞ்சுக்க!”

“முயல் தம்பியும் சும்மாதான் மேய விடுது!”

பெருமூக்கனின் முகம் தொங்கிப்போனது. “அப்போ நான் என்னதான் செய்யறது? என் பிள்ளைங்களுக்குத் தின்னக் கிழங்கு இல்லையே!”

கருங்காதியின் மனம் இளகியது. பிள்ளைகளின் பசி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

“மாசத்துல பாதி நாள் உங்க நிலத்துல கிடை போடறோம். ஆனா பால் கிடையாது. கிடை போட்டா நிலத்துக்காரர்தான் கூலி தரணும், அதுதான் வழக்கம். நரி கிட்ட வராம எங்க குட்டிங்களுக்கு நீங்க காவல் இருக்கணும். அதுதான் கூலி!”

“இருக்கேன்! இருக்கேன்!”

சொன்னபடியே பெருமூக்கன் காவல் இருந்தான். குட்டிகள் வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு அவன் முதுகில் ஏறிக் குதித்தன. ஒருநாள் கிழட்டுக் கிடா பழைய ஞாபகத்தில் வரப்பைத் தாண்ட ஓடியது. பெருமூக்கன் பாய்ந்து போய் மறித்தான்.

“எங்கே ஓடறீங்க பெரியவரே? இங்கேயே போடுங்க, இங்கேயே போடுங்க!”

அடுத்தவரிடம் எதைக் கறக்கலாம் என்றே பார்ப்பவன், அவர் தானாகக் கொடுக்க வந்த நன்மையைக் கைநழுவ விட்டுவிடுவான்.