கரடி வீட்டில் நாலு இலை

ஆற்றங்கரை மருதமரத்தடியில் சந்தை கூடும் நாளில் கரடி வந்துவிட்டால் போதும், கடைக்காரர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். மற்ற மிருகங்கள் ஒரு கை, அரைக் கை என்று வாங்கும். கரடி மட்டும் கூடை கூடையாக வாங்கும்.

வாங்காமல் என்ன செய்யும்? வீட்டில் நாலு வாய். கரடியின் மனைவிக்குக் காய்ந்த இலுப்பைப்பூ என்றால் உயிர். மூத்த குட்டிக்குப் பலாச்சுளை. சின்னது நாவல்பழம் தின்று நாக்கெல்லாம் ஊதாவாக்கிக்கொண்டு அலையும். மூன்று பேருக்கும் பிடித்ததை வாங்கி முடிப்பதற்குள் கூடை நிறைந்துவிடும். தனக்கு என்ன பிடிக்கும் என்று கரடி யோசித்ததே இல்லை.

பழக்கடை வைத்திருந்த அணிலின் பெயர் கீச்சான். கரடி கொண்டுவரும் தேனடையை வாங்கிக்கொண்டு பழம் கொடுக்கும். கூடையைக் கட்டும்போது மேலே ஒரு கை நாவல்பழம் அள்ளிப் போட்டு, "இது கொசுறு மாமா! குட்டிகளுக்கு!" என்று சொல்லும்.

அப்படியே இருந்திருக்கக் கூடாதா? இருக்கவில்லையே! ஒரு மழைக்காலத்தில் கரடியின் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. குட்டிகள் வளர்ந்து ஆளுக்கொரு மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. கரடிக் குட்டிகள் வளர்ந்தால் அப்படித்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் குகை திடீரென்று ரொம்பப் பெரிசாகிவிட்டது. கரடி இருமினால்கூட அந்த இருமல் சுற்றிச் சுற்றி வந்து அதன் காதிலேயே விழுந்தது.

அடுத்த சந்தைக்குக் கரடி போனது. கடை முன்னால் நின்று கொஞ்ச நேரம் பழங்களையே பார்த்தது.

"ரெண்டு பலாச்சுளை கொடு. அது போதும்."

"என்ன மாமா, இவ்வளவுதானா?" என்று கீச்சான் கத்தியது. "ஓ, இனிமே ஒத்த ஆளா! ஐயோ பாவம்! தனியா உக்காந்தா சாப்பிடப் போறீங்க? எனக்கெல்லாம் தொண்டையில இறங்காது மாமா!"

கீச்சான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் சந்தையே திரும்பிப் பார்த்தது. மான் பார்த்தது. முயல் பார்த்தது. எல்லார் கண்ணிலும் அதே 'ஐயோ பாவம்'. கீச்சான் அன்று கொசுறும் போடவில்லை. கொசுறு குட்டிகளுக்குத்தானே!

கரடிக்கு அவமானத்தில் காது சுட்டது.

"யாருடா சொன்னா ஒத்த ஆளுன்னு?" என்று உறுமியது. "என் வீட்ல இன்னைக்கு விருந்து! மச்சான் குடும்பத்தோட வந்திருக்கார். எப்பவும் போடுறதைப் போடுடா!"

"அப்படிச் சொல்லுங்க மாமா!" என்று கீச்சான் துள்ளியது. கூடை நிறைந்தது. மேலே ஒரு கை நாவல்பழமும் விழுந்தது. "இது விருந்தாளிக்கு!"

பார்த்தீர்களா, பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது! வந்த பொய் சும்மா போகுமா? அடுத்த சந்தையில் கீச்சான், "மச்சான் இன்னும் இருக்காரா?" என்று கேட்டது. "அவர் போயிட்டார், சித்தப்பா வந்திருக்கார்" என்றது கரடி. சித்தப்பாவுக்குப் பிறகு சித்தப்பாவின் சம்பந்தி வந்தார். சம்பந்திக்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள். காட்டில் அத்தனை கரடிகள் இருக்கின்றனவா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு தொல்லை. கரடியின் குகைக்கு நேர் கீழே, அதே பாறையடியில் ஒரு வளை இருந்தது. அதில் வேலம்மாள் என்ற முள்ளம்பன்றி தனியாகக் குடியிருந்தது. மேலே பேசுவது கீழே நன்றாகக் கேட்கும். விருந்து என்று சொல்லிவிட்டு வீடு அமைதியாக இருந்தால் வேலம்மாளுக்குத் தெரிந்துவிடாதா?

அதனால் கரடி பொழுது சாய்ந்ததும் நாலு தேக்கிலை போட்டது. நாலிலும் பரிமாறியது. பிறகு ஒவ்வொரு இலைக்கும் ஒவ்வொரு குரலில் பேசியது.

"சாப்பிடுங்க மச்சான், என்ன கூச்சம்?"

"போதும் மாப்ளே, வயிறு முட்டிருச்சு!"

"அட, இன்னும் ரெண்டு சுளை வைங்க, சித்தப்பாவுக்கு!"

சித்தப்பாவின் குரல்தான் கரடிக்கு நன்றாக வந்தது. கரகரவென்று, பாதிப் பேச்சில் சிரிக்கும் குரல். சித்தப்பா தன் இளம் வயதில் தேனீக்களிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லும். கரடியே சொல்லும், கரடியே சிரிக்கும். சிரிப்பு முடிந்ததும் குகை மறுபடி அமைதியாகும். அப்போது அது மற்ற மூன்று இலைகளையும் பார்க்காமல் தன் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிடும். விடிந்ததும் மீந்ததையெல்லாம் பள்ளத்தில் கொட்டும்.

முதலில் வேலம்மாள் காதுக்காகத்தான் பேசியது. போகப்போக, அந்தக் குரல்கள் இல்லாவிட்டால் கரடிக்கே ஒரு வாய் இறங்கவில்லை. அவ்வளவு தனிமை அதற்கு.

சில நாள் வேலம்மாளைச் சந்தை வழியில் பார்க்கும்.

"சாப்பிட்டாச்சா வேலம்மா?"

"ஆச்சுண்ணே. உங்க வீட்ல இன்னைக்கும் விருந்துபோல?"

"ஆமா தாயி! ஒரே கூட்டம்! கால் வைக்க இடமில்லை!"

"நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் ஓரமாக ஒதுங்கிப் போகும். முதுகு முள் யார்மேலும் பட்டுவிடக் கூடாதே என்று அதற்கு எப்போதும் பயம்.

'நீயும் ஒரு நாள் சாப்பிட வாயேன்' என்று சொல்லக் கரடிக்கு நாக்கு நுனிவரை வரும். எப்படிச் சொல்வது? வந்தால் நாலு இலையும் ஒரு கரடியும் மட்டும்தானே இருக்கும்! வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு நடையைக் கட்டும்.

ஒரு நாள் சந்தையில் கீச்சான் ஊரே கேட்கிற மாதிரி, "மாமா வீட்டு விருந்தை யாராலும் அடிச்சுக்க முடியாது!" என்று கத்தியது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை. எப்போதும் வாங்குவதோடு ஒரு முழுப் பலாப்பழத்தையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. வழியில் மழை பிடித்துக்கொண்டது. குகை வாசலில் பாறை பாசி பிடித்து வழவழவென்று இருந்தது. தோளில் அத்தனை பாரம், முன்னால் கண் தெரியாத மழை. வழுக்கியது பார்!

தொம்மென்று விழுந்த கரடிக்குப் பின்கால் ஒடிந்துவிட்டது. வலியில் முனகிக்கொண்டே இழுத்து இழுத்துக் குகைக்குள் போய்ப் படுத்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

விடிந்தது. மழை விட்டு வெயில் ஏறியது. கரடிக்குத் தாகம் நாக்கை இழுத்தது. ஓடையோ கீழே, இறங்கிப் போகக் காலில்லை.

"யாராவது வாங்களேன்!" என்று கரடி கத்தியது. "ஒரு வாய் தண்ணி கொடுங்களேன்!"

அந்த நேரம் பார்த்து மானும் முயலும் அந்த வழியாகப் போயின.

"கரடி தண்ணி கேக்குது, காதுல விழுந்துச்சா?" என்றது முயல்.

"அதுக்கென்ன? வீடு நிறைய ஆளிருக்கே, கொடுக்க மாட்டாங்களா?" என்றது மான். "விருந்து வீட்டுக்குள்ள கூப்பிடாம நாம எதுக்குத் தலையை நீட்டணும்? நட!"

இரண்டும் போய்விட்டன. மான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கரடிக்குக் கேட்டது.

ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். 'இங்கே யாருமே இல்லை, நான் மட்டும்தான்' என்று சொல்லியிருந்தால் மான் ஓடி வந்திருக்கும். கரடி வாயைத் திறந்தது. சந்தையில் பார்த்த அந்த 'ஐயோ பாவம்' கண்கள் ஞாபகம் வந்தன. திறந்த வாய் மூடிக்கொண்டது. வெட்கம் தாகத்தைவிடப் பெரிசாக இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம், சொல்லுங்கள்!

பொழுது சாய்ந்தது. விழுந்தபோது உள்ளே உருண்டு வந்திருந்த பலாப்பழம் மூலையில் பழுத்து மணந்தது. அதைச் சுற்றி எறும்பு மொய்த்தது. கரடி அன்று இலை போடவில்லை. மச்சானும் பேசவில்லை, சித்தப்பாவும் பேசவில்லை. இப்படியே செத்துப்போனால் எத்தனை நாள் கழித்து யாருக்குத் தெரியும் என்று நினைத்தது. அந்தப் பெரிய கரடி அழுதது.

அப்போது வாசலில் சரசரவென்று ஏதோ சத்தம்.

"அண்ணே... உள்ள வரலாமா?"

வேலம்மாள்! வாயில் ஒரு வள்ளிக்கிழங்கைக் கவ்வி வந்து, அதைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றது.

"தண்ணி..." என்றது கரடி.

வேலம்மாள் வேறொன்றும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடியது. அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு அது அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. குடுக்கை குடுக்கையாகத் தண்ணீர் கொண்டுவந்து கரடி போதும் என்கிறவரை கொடுத்தது. பிறகு கொடியை அறுத்து வந்து, இரண்டு குச்சி வைத்துக் காலைக் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் அதற்குக் கோபம் வந்தது.

"எங்கண்ணே உங்க சொந்தக்காரங்க? தினம் தினம் வந்து தின்னாங்களே! கால் ஒடிஞ்ச ஆளை இப்படிப் போட்டுட்டா போனாங்க? அதுலயும் அந்தச் சித்தப்பா! எவ்வளவு நல்லவர்னு நினைச்சேன்!"

கரடி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாரும் வரலை தாயி."

"நேத்து வரலையா?"

"என்னைக்குமே வரலை. மச்சானும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. எல்லாக் குரலும் நான்தான்."

சொல்லிவிட்டுக் கரடி கண்ணை மூடிக்கொண்டது. இப்போது 'ஐயோ பாவம்' என்று சொல்லப் போகிறது என்று காத்திருந்தது. வேலம்மாள் சொல்லவில்லை.

"அந்தத் தேனீக் கதை ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றது. "பொழுது சாஞ்சதும் கீழ கிழங்கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க மேல பேச ஆரம்பிச்சதும்தான் வாயில வைப்பேன். அப்பத்தான் எனக்கு ஒத்தையில சாப்பிடுற மாதிரி இருக்காது."

கரடி திரும்பிப் பார்த்தது.

"அப்புறம் ஏன் தாயி ஒரு நாள்கூட மேல வரலை?"

"எத்தனையோ நாள் உங்க வாசல்வரைக்கும் வந்தேண்ணே. உள்ளே ஒரே சிரிப்பா இருக்கும். அவ்வளவு பேருக்கு நடுவுல இந்த முள்ளை வச்சுக்கிட்டு நான் எங்க உக்கார்றது? அப்படியே திரும்பிடுவேன். நேத்து மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, இன்னைக்குப் பகலெல்லாம் கிழங்கு தோண்டப் போயிருந்தேன். திரும்பி வந்தா மேல சத்தமே இல்லை. விருந்தாளியெல்லாம் கிளம்பிட்டாங்க, இன்னைக்காவது எனக்கு ஓர் இடம் இருக்கும்னு வந்தேன்."

நடுவில் ஒரே ஒரு பாறை. மேலே ஒருவர் தனியாக, கீழே ஒருவர் தனியாக. இத்தனை நாளும்!

"இடமா? வீடே உனக்குத்தான் தாயி. பக்கத்துல வந்து உக்காரு."

"முள்ளு குத்துமேண்ணே!"

"என் ரோமத்தைத் தாண்டி உன் முள்ளு வந்துருமா? பாத்துருவோம், உக்காரு!"

வேலம்மாள் கூச்சத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தது. பலாப்பழத்தைப் பிளந்தார்கள். சுளையைக் கரடி தின்றது. வேலம்மாளுக்கோ சுளையைவிடக் கொட்டைதான் பிடித்தது. கரடி அத்தனை நாளும் பள்ளத்தில் கொட்டிய கொட்டைகள்!

"அண்ணே, உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டது வேலம்மாள்.

கரடி யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை.

கால் கூடியதும் கரடி நொண்டி நொண்டிச் சந்தைக்குப் போனது.

"வாங்க மாமா!" என்று கீச்சான் கத்தியது. "இன்னைக்கு யாரு விருந்தாளி?"

"விருந்தாளி யாருமில்லை" என்றது கரடி, மானுக்கும் முயலுக்கும் கேட்கிற மாதிரியே. "இதுவரைக்கும் வந்ததும் இல்லை. பொண்டாட்டி போனதுலருந்து நான் தனியாத்தான் இருந்தேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு, பொய் சொன்னேன்."

மான் தலையைக் குனிந்துகொண்டது. கீச்சான் எடுத்த பெரிய கூடையைத் திரும்பக் கீழே வைத்தது.

"ரெண்டு ஆளுக்குப் போடுடா" என்றது கரடி. "வேலம்மாவுக்குப் பலாக்கொட்டை. எனக்கு ஈச்சம்பழம்."

"உங்களுக்கு ஈச்சம்பழம் பிடிக்குமா மாமா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே!"

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

கீச்சான் சின்னக் கூடையைக் கட்டியது. மேலே ஒரு கை ஈச்சம்பழத்தை அள்ளிப் போட்டது.

"இது யாருக்குடா?"

"உங்களுக்குத்தான் மாமா" என்றது கீச்சான் மெதுவாக.

அன்றிலிருந்து கரடியின் தனிமை முழுசாகப் போய்விட்டது என்று நான் சொன்னால் அதுவும் பொய்தான். இலுப்பைப்பூ வாசம் அடிக்கிற நாளில் அது மனைவியை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். அப்போது வேலம்மாள் தன் இலையில் கை வைக்காமல் பக்கத்திலேயே காத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சித்தப்பா கதையைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்கும். கரடி குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு ஆரம்பிக்கும்.

வெட்கப்பட்டு வீடு நிறைய ஆளிருப்பதாகப் பொய் சொல்கிறவரின் வாசலுக்கு வந்த துணையும் திரும்பிப் போய்விடும். தனியாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பக்கத்தில் வந்து உட்கார ஒருவருக்கு இடம் கிடைக்கும்.