அத்தையும் மருமகளும் காப்பாத்தின திராட்சைத் தோட்டம்

ஒரு ஊர்ல ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தாங்களாம். பிரான்சு தேசத்துல, மலைச்சரிவுல இருக்கிற ஊரு. மாமியார் பேரு ஓர்த்தான்ஸ், மருமக பேரு செலின். செலினோட புருஷன் காய்ச்சல்ல போயிட்டான். அப்புறம் அவ்வளவு பெரிய திராட்சைத் தோட்டத்துக்கு இவங்க ரெண்டே பேருதான். ம் சொல்லு கண்ணு!

இருநூறு வருஷத் தோட்டம் அது. பழத்தை மிதிச்சுப் பிழிஞ்சு பீப்பாயில ஊத்தி வெச்சா, குபுகுபுன்னு நுரைச்சு, அப்புறம் கருஞ்சிவப்பா வைன் ஆகும். பெரியவங்க குடிக்கிறது, உனக்கில்ல.

ஒரு வருஷம் இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. செலின் ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தா, ஐயோ! வேர் பூரா மொசமொசன்னு பேன் மாதிரி பூச்சி!

மொதல்ல மண்ணுக்குள்ள மருந்து ஊத்தினா. கப்புன்னு நாத்தம் அடிச்சுது, பூச்சி சாகலை. அப்புறம் தண்ணி கட்டி முக்கிப் பார்த்தா. சரிவு நிலமாச்சே, சலசலன்னு கீழ ஓடிருச்சு. ம்?

அப்போ ஒருத்தர் சொன்னாரு, "இந்தாங்க, அமெரிக்காவுல இருந்து வந்த காட்டுத் திராட்சை ஒரு கட்டு. அந்த வேரைப் பூச்சி ஒண்ணும் பண்ணாது. அதுமேல உங்க கொடியை ஒட்டுக் கட்டுங்க."

ஓர்த்தான்ஸ் தடியை டொக்குன்னு தட்டினாங்க. "எங்கிருந்தோ வந்த வேருலயா எங்க கொடி நிக்கணும்? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது!"

செலின் விடலை. "நானும் எங்கிருந்தோ வந்தவதானே அத்தை? உங்க பிள்ளை போனப்புறம் நீங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறீங்க?"

கிழவி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. விருட்டுன்னு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் காலையில செலின் தோட்டத்துக்குப் போனா, அங்க அத்தை மண்ணுல மண்டி போட்டு, அந்த அமெரிக்கக் கட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சரக் சரக்னு கொடியை வெட்டிக்கிட்டு இருக்காங்க. "பார்த்துக்கிட்டே நிக்கிறியேடி, நாரை எடுத்துட்டு வா. இறுக்கிக் கட்டணும்."

ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு. மூணாம் வருஷம் குலைகுலையா காய்ச்சுது! புது வைனை செலின் ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தா. அத்தை வாயில வெச்சு, கண்ணை மூடி, மெதுவா முழுங்கினாங்க.

"பழைய ருசி இல்லடி."

செலின் முகம் வாடிப்போச்சு.

"இது உன் ருசி," அப்படின்னு கிண்ணத்தை நீட்டினாங்க. "இன்னொரு வாய் ஊத்து."

அவ்வளவுதான். அத்தையும் படுத்தாச்சு, மருமகளும் படுத்தாச்சு. நீ கண்ணை மூடு, கதையும் தூங்கட்டும்.