எட்டாம் கொட்டகையின் எண்

தோழர்களே, மாலை ஒன்று, கழுத்து மூன்று. யாருக்குப் போடுவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

'தறி' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர் செங்கமலம். அதில் எழுதிய நிரலுக்கு, அதாவது புரோகிராமுக்கு, ஓர் எண்ணைத் தர மறந்தால், அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடிவிடும். தவறு எங்கே என்று தெரியாமல் புதியவர்கள் திண்டாடினார்கள். ஆகவே எண் இல்லையென்றால் நிரல் நின்றுவிடும் என்று புதிய பதிப்பில் மாற்றினார்.

எங்கள் பஞ்சாலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரபீக் கொதித்துப்போனார். "உங்க வசதிக்கு நாங்க எழுதின பழைய நிரலெல்லாம் சாகணுமா, மேடம்?" என்று சண்டை போட்டு இரண்டு சலுகைகளை வாங்கினார். நிற்கும் நிரல், ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். 'பழையபடி' என்று மேலே ஒரு வரி எழுதினால் முன்போலவே ஓட வேண்டும்.

சங்க அங்கீகாரத் தேர்தல் வந்தது. கொட்டகைவாரியாக வாக்குகளைக் கூட்டுவது ரபீக்கின் நிரல்தான். போன முறை முதலாளியின் செல்லச் சங்கம் ஜெயித்ததும் அதன் கூட்டலில்தான். இந்த முறை புதிய பதிப்பு. நிரல் நின்றுவிட்டது.

"பழையபடின்னு ஒரு வரி போடுப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்றார் லேபர் ஆபீசர். ரபீக் தட்டத் தொடங்கினார்.

எட்டாம் கொட்டகையின் ஒப்பந்தத் தொழிலாளி ரங்காத்தாள் குறுக்கே கையை வைத்தார். "நாங்க வேலைய நிறுத்துனா ஏன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. நீயுமா கண்ணு? அது என்னவோ எழுதிக் காட்டுதே, படி!"

படித்தார்: 'எட்டாம் கொட்டகைக்கு எண் தரப்படவில்லை.'

போன தேர்தலுக்குச் சற்று முன் புதிதாகக் கட்டிய அந்தக் கொட்டகையைக் கூட்டலில் சேர்த்த ரபீக், அதன் வாக்கை வாங்க இடம் வைக்க மறந்திருந்தார். அதனால் போன தேர்தலில் அங்கே வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரின் வாக்கும் பூஜ்யம். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம், ஒரு கனவானும் கையால் கூட்டிப் பார்க்கவில்லை.

"அப்ப போன தடவ நாங்க ஓட்டுப் போட்டதே கனவாட்டம் இருக்குது!" என்று சிரித்தார் ரங்காத்தாள்.

இடம் வைத்தார்கள். எண் ஏறியது. இந்த முறை எங்கள் சங்கம் வென்றது! ஆலை வாயில் அதிர்ந்தது.

நிரலை நிற்க வைத்தவர் செங்கமலம். காரணம் சொல்ல வைத்தவர் ரபீக். அதைப் படிக்க வைத்தவர் ரங்காத்தாள். மாலை யாருக்கு?

விடை: வெறுமனே நிற்பது போராட்டம் ஆகாது, பழுதான லாரியும்தான் நிற்கிறது. கோரிக்கையைச் சொல்லி நின்றால்தான் அது வேலைநிறுத்தம். அதைச் சொல்ல வைத்தது ரபீக்கின் சண்டை. ஆனால் கருங்காலி நுழையப் 'பழையபடி' என்ற பின்வாசலைத் திறந்து வைத்தவரும் அவரே. அந்த வாசலை அடைத்தவர் ரங்காத்தாள். மாலை அவருக்கே. அவரோ அதைக் கழற்றி எட்டாம் கொட்டகையின் கதவில் மாட்டிவிட்டு, ஆபீசரைத் திரும்பிப் பார்த்தார்: "இப்ப எண்ணிக்குங்க, சார்."