சகாயமேரி வெளியே நின்ற நாள்

சகாயமேரி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்றாவது வருடம் அது. கூடப் படித்த பெண்கள் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள்.

கற்பித்தல் பயிற்சிக்காக நாற்பது நாள், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மலை, மழை, அட்டை. வாடகை அறையில் பேச ஆளில்லை. சில சாயங்காலங்களில் தொண்டை கட்டிவிட்டதோ என்று சந்தேகம் வரும். தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் தமயந்தி, சகாயமேரியைவிட எட்டு வயது சின்னவள். எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தாள். மூன்று பேர் தட்டுத்தடுமாறித் தேறினார்கள். நாலாவது பூல்மணி. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் மகள். பத்து நாள் வாயே திறக்கவில்லை.

பதினோராம் நாள் சகாயமேரி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தோளில் கை போட்டுக்கொண்டாள். பூல்மணி எக்கி அவள் காதுக்குள் சொன்னாள்.

"அ... ணி... ல்."

அன்று அறைக்குத் திரும்பும் வழியில் சகாயமேரி பூல்மணிக்காக ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கினாள்.

அதன்பின் பூல்மணி தினமும் படித்தாள், சகாயமேரியின் காதுக்குள் மட்டும். காலையில் கேட்டருகே அவளுக்காகக் காத்து நிற்பாள். தமயந்தி புத்தகத்தை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

"எங்கிட்ட மட்டும்தான் டீச்சர் படிப்பா," என்றாள் சகாயமேரி. சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

தமயந்தி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

கடைசி வாரம் வந்தது. பிள்ளைகள் போனபின் சகாயமேரி கேட்டாள்.

"டீச்சர், வெள்ளிக்கிழமையோட எனக்கு முடியுது. அப்புறம் அவ யார்கிட்ட படிப்பா?"

"நாளைக்கு நீங்க கிளாசுக்குள்ள வராதீங்க அக்கா. வெளியே ஜன்னல்கிட்ட நில்லுங்க."

"அழுவாளே டீச்சர்."

"அழுவா."

மறுநாள் தூறல். சகாயமேரி ஜன்னலோரம் நின்றாள். பூல்மணி வகுப்பு முழுக்கத் தேடினாள். வாசல்வரை போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து மேசையில் தலை கவிழ்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

தமயந்தி அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்தாள். பள்ளியில் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அம்மா வேண்டுமென்று அதுவும் அழுதுகொண்டிருந்தது. அதைப் பூல்மணியின் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒரு படப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, போர்டில் கணக்கு எழுதப் போய்விட்டாள்.

சின்னது விசும்பிக்கொண்டே ஒரு படத்தைத் தொட்டுக் கேட்டது.

"அக்கா, இதுல என்ன போட்ருக்கு?"

பூல்மணி நிமிர்ந்தாள். அப்போது ஜன்னலில் சகாயமேரியைப் பார்த்துவிட்டாள். பாதி எழுந்தாள்.

சகாயமேரியின் கால் வாசலை நோக்கித் திரும்பியது. இரண்டு எட்டு. நின்றாள். பிறகு ஜன்னலை விட்டு விலகி, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கூரைத் தண்ணீர் அவள் தோளில் சொட்டியது.

வெகுநேரம் உள்ளே சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுக்கா."

"ஆ... மை," என்றது ஒரு குரல். அந்தக் குரலை இவ்வளவு உரக்க சகாயமேரி கேட்டதே இல்லை. "ஆமை... குள... த்தில்... ஏய், கை எடு. மறைக்குது."

சின்னது சிரித்தது.

சகாயமேரி மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு தலைகளும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருந்தன. அவள் அங்கேயே நின்றாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டுகளோடு ஓடினார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தமயந்தி வெளியே வந்தாள்.

"மூணு பக்கம் டீச்சர்," என்றாள் சகாயமேரி. ஈரப் புடவையைப் பிழிந்தாள். "நான் இங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். அப்புறம் அவ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை."

தமயந்தி ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள்.

"ஆமாக்கா. படிச்சுக்கிட்டிருக்கா."